முதலிடம் பிடித்த அணி ஹூவரில் ஏன் சீக்கிரமே தோற்கிறது? எஸ்.இ.சி. பேஸ்பால் தொடரின் வரலாறு என்ன?

எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்பது அமெரிக்கத் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு. அதன் பேஸ்பால் லீக் முடிந்ததும் நடக்கும் தொடருக்கு இடம் அலபாமாவின் ஹூவர். முப்பது லீக் ஆட்டம் ஆடி முதலிடம் பிடித்த டெக்சாஸ், 2025-இல் ஹூவருக்கு வந்து டென்னசியிடம் 12 இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) 5-7 என்று தோற்று, ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டியது. உங்கள் கேள்விக்குப் பின்னால் இருப்பது அந்த எரிச்சல்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவராகவும் இருப்பீர்கள். ஐபிஎல் கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஒன்றும் விளங்காது. லீக்கில் முதலிடத்துக்கு ஒரு கோப்பை, மே மாதக் கடைசியில் நடக்கும் இந்தத் தொடருக்குத் தனிக் கோப்பை. இரண்டையும் தாண்டி, 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டி அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடும். பயிற்சியாளர்களின் கண் இருப்பது அந்த வெள்ளிக்கிழமை மேல்.

வரலாற்றை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய வழக்கம் எளிமையானது: கிழக்குப் பிரிவில் முதல்வரும் மேற்குப் பிரிவில் முதல்வரும் மோதுவார்கள், வென்றவர் சாம்பியன். 1977-இல் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் நான்கு அணிகளோடு தொடர் பிறந்தது. உள்ளூர் அணியான ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) வென்றது. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்ற டபுள் எலிமினேஷன் முறை. நான்கு அணிகளுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. சாம்பியன் தவிர மூன்று அணிகளும் இரண்டிரண்டு முறை தோற்க வேண்டும், ஆக 6 ஆட்டம். சாம்பியனும் ஒருமுறை தோற்றிருந்தால் 7. ஒரு வார இறுதிக்குள் அடங்கிவிடும்.

1987-இல் ஆறு அணிகளானது. பிறகு ஆர்கன்சாவும் தென் கரோலினாவும் சேர்ந்து கூட்டமைப்பில் 12 பல்கலைக்கழகங்கள் ஆனபோது குழப்பம் வந்தது. 1993 முதல் 1995 வரை கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனித் தொடர், ஆண்டுக்கு இரண்டு சாம்பியன். கிழக்கில் மூன்று ஆண்டும் டென்னசியே. எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் 12 கோப்பைகளில் 1993, 1994 இரண்டும் இந்த அரைத் தொடர்களில் வந்தவை. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், கணக்கு கணக்குதான்.

1996-இல் மறுபடி ஒரே தொடர், அலபாமாவின் பர்மிங்ஹாம் பக்கத்து ஹூவரில். 1997-இல் மட்டும் ஜார்ஜியாவின் கொலம்பஸுக்குப் போனது. 1998 முதல் ஹூவரை விட்டு நகரவில்லை (2020-இல் கொரோனாவால் தொடரே நடக்கவில்லை). அது எந்தக் கல்லூரியின் மைதானமும் அல்ல. 1988-இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற மைனர் லீக் (தொழில்முறை பேஸ்பாலின் கீழ்மட்ட லீக்) அணிக்காகத் திறக்கப்பட்டது. 1994-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டன் பேஸ்பால் ஆடியது இங்கேதான். பேரன்ஸ் 2013-இல் நகர மையத்துக்குப் போய்விட்டது, தொடர் மட்டும் தங்கிவிட்டது.

2012-இல் பத்து அணிகள், 2013-இல் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டு அணி முறைதான் பலருக்குத் தலைசுற்றல். செவ்வாய் அன்று நான்கு ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு. புதன் முதல் வெள்ளி வரை எட்டு அணிகளுக்கு டபுள் எலிமினேஷன். சனிக்கிழமை அரையிறுதியில் மறுபடி நாக்-அவுட், ஞாயிறு இறுதி. மொத்தம் 17 ஆட்டம், ஒரே மைதானம். நாளுக்கு நான்கு ஆட்டம் இருக்கும்போது முதல் ஆட்டம் நீண்டால் பின்னால் வருவதெல்லாம் தள்ளிப்போகும். அருகில் மின்னல் வெட்டினால், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் இன்னொன்று வெட்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டங்கள் அதனால்தான்.

டெக்சாஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 16 ஆனதும், 2025-இல் எல்லா அணிகளுக்கும் இடம், முழுக்க நாக்-அவுட். முதல் நான்கு அணிகள் நேராகக் காலிறுதிக்கு. அடுத்த நான்கு இரண்டாம் சுற்றுக்கு. 9 முதல் 16 வரை உள்ளவர்கள் கோப்பைக்கு ஐந்து ஆட்டம் வெல்ல வேண்டும், முதல் நால்வருக்கு மூன்று போதும். நான்காம் இடத்தில் இருந்த வாண்டர்பில்ட் அப்படித்தான் மூன்றே ஆட்டத்தில் வென்றது, இறுதியில் ஓல் மிஸ்ஸை 3-2. ஆனால் 30 லீக் ஆட்டத்தில் 3 மட்டுமே வென்ற மிசூரிக்கும் எதற்கு இடம்? இதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் "ஏன்". எல்லாம் பிட்ச்சரின், அதாவது பந்து வீசுபவரின், தோள்பட்டையில் இருக்கிறது. முதல்தர ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்ச்சர்) ஒரு ஆட்டத்தில் 90, 100 பந்து வீசுவார், வாரத்துக்கு ஒருமுறை. லீக்கின் கடைசி வாரம் வியாழன், வெள்ளி, சனி. தேசியப் போட்டி தொடங்குவது ஹூவர் முடிந்த அடுத்த வெள்ளி. ஹூவரில் அவரைச் செவ்வாய் இறக்கினால் வியாழனுக்குப் பிறகு நான்கு நாள் ஓய்வுதான் கிடைத்திருக்கும். ஞாயிறு இறுதியில் இறக்கினால் தேசியப் போட்டிக்கு நான்கு நாள்தான் மிஞ்சும். இரண்டும் பத்தாது. அதனால் இடம் உறுதியான அணிகள் முதல்தர ஸ்டார்ட்டரை 45, 50 பந்தோடு நிறுத்திவிடும், அல்லது இறக்கவே இறக்காது. மிச்சத்தைப் புல்பென் பிட்ச்சர்கள் (இடையில் மாற்றாக வந்து வீசுபவர்கள்) ஆளுக்கு ஒன்றிரண்டு இன்னிங்ஸ் என்று ஒப்பேற்றுவார்கள். எதிரே நிற்பதோ தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்குமா என்று தவிக்கும் அணி. அவர்கள் இருப்பதையெல்லாம் போட்டு ஆடுவார்கள். இதோடு, நேரடிக் காலிறுதி கிடைத்த அணியின் மட்டையாளர்கள் நான்கைந்து நாள் ஆட்டமே இல்லாமல் வந்து நிற்கிறார்கள். டெக்சாஸுக்கு அதுவும் சேர்ந்தது.

தொடரை வென்றவருக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டே என்பீர்கள். சிறிய கூட்டமைப்புகளில் அது உயிர். பெரும்பாலும் வேறு வழி கிடையாது. எஸ்.இ.சி.யில் 2025-இல் 16-இல் 13 அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின. அங்கே நேரடி இடம் யாருக்கு வேண்டும்?

அதனால்தான் இந்தப் பட்டியல். 2021-இல் மிசிசிப்பி ஸ்டேட் ஹூவரில் ஃபுளோரிடாவிடம் 1-13, டென்னசியிடம் 2-12 என்று உதை வாங்கியது. ஒரு மாதத்தில் தேசிய சாம்பியன். 2022-இல் ஓல் மிஸ் செவ்வாய்க்கிழமையே வாண்டர்பில்ட்டிடம் 1-3. தேசியப் போட்டிக்குக் கடைசி ஆளாக உள்ளே நுழைந்து, அதன் இறுதிக் கட்டம் நடக்கும் ஒமாகாவில் கோப்பையைத் தூக்கியது. 2023, 2025 எல்.எஸ்.யூ.வும் ஹூவரில் கோப்பை வெல்லாமலே தேசிய சாம்பியன்.

தோற்பது நல்லது என்று நான் சொல்வதாகத் திரித்துக் கருத்துப் போட வேண்டாம். 2009 எல்.எஸ்.யூ., 2019 வாண்டர்பில்ட், 2024 டென்னசி இரண்டையும் வென்றவர்கள். அவர்களிடம் நான்காவது, ஐந்தாவது ஸ்டார்ட்டரும் தரமாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஐந்தாவது ஸ்டார்ட்டரை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் நீண்டகால அநியாயம். 2025 வரை ஒரு பேஸ்பால் அணிக்கு 11.7 உதவித்தொகை மட்டும், அதைப் பலர் பங்குபோட வேண்டும். அமெரிக்கக் கால்பந்துக்கு 85 முழு உதவித்தொகை. பத்தாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பிட்ச்சர் படிப்புச் செலவில் பாதியைத் தன் வீட்டிலிருந்து கட்டினான். இப்போது அந்த வரம்பை எடுத்துவிட்டு அணிக்கு 34 பேர் என்று வைத்திருக்கிறார்கள். முன்னால் கட்டியவனுக்கு யார் திருப்பித் தருவது?

அடுத்த மே மாதம் பார்க்கும்போது ஸ்கோரை விடுங்கள். முதல் பந்து வீசுபவர் அந்த அணியின் வார இறுதி முதல் ஸ்டார்ட்டரா, மூன்றாவது இன்னிங்ஸிலேயே புல்பென்னில் யாராவது கை சூடேற்றுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். அந்த ஆட்டம் அந்த அணிக்கு எவ்வளவு தேவை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.