பஃபர் அளவைக் கூட்டினால் பிழை மறையும், தீராது

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். மினி புராஜெக்டுக்காக சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கல்லூரி நூலகத்தின் புத்தகப் பட்டியலை சிஎஸ்வி கோப்பிலிருந்து வரிவரியாகப் படித்து, ஒரே நீளமான ஸ்ட்ரிங்காகச் சேர்த்து, வெப் பக்கத்துக்கான அட்டவணையாகக் கொடுக்கும். 'பிரிவு' என்ற கட்டம் காலியாக இருந்தால் மேல்வரியில் உள்ள பிரிவையே திரும்பப் போடும். ஐம்பது புத்தகம் வரை சரியாக ஓடுகிறது. முழுப் பட்டியலையும் கொடுத்தால் சில சமயம் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று பாதியில் நின்றுவிடுகிறது, சில சமயம் பிரிவுப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள். மெமரி வாங்கும் மாலாக் ஃபங்ஷனில் ஆரம்ப அளவைக் கூட்டினால் பிரச்சினை மறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா? ஒரு புராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்தால் 'டைனமிக் ஸ்ட்ரிங் மாட்யூல்' தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களுக்குத் தேவையான நிரல் முப்பது நாற்பது வரிக்குள் அடங்கிவிடும். ஒரு மாலையில் நீங்களே எழுதிவிடலாம்.

அளவைக் கூட்டியதும் பிழை ஏன் மறைகிறது? உங்கள் நிரல் தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டி எழுதுகிறது. அப்படித் தாண்டியதும் உடனே நின்றுவிட வேண்டும் என்று சி மொழியில் எந்தக் கட்டாயமும் கிடையாது. 64 பிட் லினக்ஸில் மாலாக்கிடம் 20 பைட் கேட்டால் சாதாரணமாக 24 பைட் கிடைக்கும். 16-இன் மடங்காகத்தான் அது மெமரியைத் துண்டு போடுகிறது. 32 பைட் துண்டில் 8 பைட் அதன் அளவைக் குறித்துவைக்கப் போகும், மிச்சம் 24. அந்த உபரி நான்கு பைட்டில் எழுதினால் யாருக்கும் தெரியாது. ஐந்தாவது பைட், அடுத்த துண்டின் அளவைக் குறித்துவைத்திருக்கும் இடத்தில் போய் விழும். அதன் விளைவும் அங்கேயே தெரியாது. ஆயிரம் வரி தள்ளி, மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீ அழைப்பில் புரோகிராம் செத்து விழும். நீங்கள் அந்த ஃப்ரீயை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆரம்ப அளவைக் கூட்டுவது இந்த விபத்தை அடுத்த பெரிய கோப்பு வரும்வரை தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய பகுதியில் மூன்று தவறுகள் இருக்கின்றன. முதலாவது, புது அளவுக்குப் பழைய நீளத்தையும் சேர்க்கும் வரியின் நீளத்தையும் கூட்டியிருக்கிறீர்கள். ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் பூச்சிய பைட்டுக்கு இடம் விடவில்லை. நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் அந்த பைட்டை எண்ணாது, அதனால் ஒன்று கூட்டியே ஆகவேண்டும். இரண்டாவது, வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் தரும் முகவரியை நேராகப் பழைய பாயிண்டரிலேயே (முகவரியை வைத்திருக்கும் மாறியிலேயே) போடுகிறீர்கள். மெமரி கிடைக்காவிட்டால் ரீஅலாக் 'நல்', அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரியைத் தரும். பழைய இடம் அப்படியேதான் இருக்கும், ஆனால் அதன் முகவரியை நீங்களே அழித்துவிட்டீர்கள். இனி அந்தப் பட்டியலைப் படிக்கவும் முடியாது, ஃப்ரீ செய்யவும் முடியாது. வேறொரு பாயிண்டரில் வாங்குங்கள். நல் இல்லை என்று பார்த்த பிறகே பழையதில் போடுங்கள். குப்பை எழுத்துகளுக்குக் காரணம் மூன்றாவது தவறு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னொன்று. தலைப்புக்கு 100 பைட் போதும் என்று ஒரு அர்ரே வைத்திருக்கிறீர்கள். ஆனால் பட்டியலில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். மெய்யின் புள்ளிக்குத் தனியாக மூன்று, உயிர்மெய்யின் கொம்புக்கும் காலுக்கும் தனியாக மூன்று. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 15 பைட். 'கோயம்புத்தூர்' என்று எழுதினால் 39 பைட். ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது. வரியைப் படிக்கவும் நிலையான அர்ரே வேண்டாம். லினக்ஸில் கெட்லைன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, வரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் தானே இடம் வாங்கிக்கொள்ளும். கடைசியில் அந்த இடத்தை நீங்கள்தான் ஃப்ரீ செய்யவேண்டும்.

இப்போது பஃபர், அதாவது பட்டியலைச் சேர்த்துவைக்கும் மெமரி இடம். ஒரு ஸ்ட்ரக்சர் எழுதுங்கள். அதில் மூன்றே உறுப்புகள்: பாயிண்டர், இப்போதைய நீளம், வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு. நீளமும் கொள்ளளவும் அளவுகளுக்கென்றே உள்ள, எதிர்மறை ஆகாத சைஸ்-டி வகையில் இருக்கட்டும், இன்ட் வேண்டாம். பிறகு 'இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் வாங்கு' என்ற வேலைக்கு ஒரே ஒரு ஃபங்ஷன். ரீஅலாக் என்ற சொல் உங்கள் நிரல் முழுவதிலும் அந்த ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும்தான் வரவேண்டும். சேர்க்கும் ஃபங்ஷன் முதலில் அதைக் கூப்பிடும். வெற்றி என்றால் பைட்டுகளை மெம்காப்பி ஃபங்ஷனால் நகலெடுக்கும், நீளத்தைக் கூட்டும், கடைசியில் பூச்சிய பைட்டை வைக்கும். தோல்வி என்றால் எதையும் தொடாமல் தோல்வி என்று திருப்பிச் சொல்லும். கூப்பிட்டவர் அந்தப் பதிலைப் பார்க்கவேண்டும்.

பஃபருக்கு ஒரு உச்சவரம்பும் வையுங்கள். உங்கள் வேலைக்கு 64 எம்பி தாராளம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் தன் உள் ஸ்ட்ரிங் பஃபரை 1024 பைட்டில் தொடங்கி இரட்டிப்பாக வளர்க்கிறது, ஆனால் 1 ஜிபியைத் தாண்ட விடுவதில்லை. வரம்பைச் சோதிக்கும்போது கூட்டிப் பார்க்காதீர்கள், கழித்துப் பாருங்கள். 'வரம்பிலிருந்து நீளத்தையும் ஒன்றையும் கழித்தால் மிஞ்சுவதைவிடச் சேர்க்கவேண்டியது பெரிதா?' என்று கேட்டால் எண் எல்லை தாண்டிச் சுற்றி வந்து சின்ன எண்ணாக மாறும் ஆபத்து இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் தேவையான அளவு மட்டும் வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம், ஆனால் மெதுவாகும். பத்து லட்சம் பைட்டை நூறு நூறாக வளர்த்தால் பத்தாயிரம் தடவை ரீஅலாக். ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் மொத்தம் சுமார் 500 கோடி பைட் நகலெடுக்கவேண்டும். 128-இல் தொடங்கி இரட்டிப்பாக்கினால் 13 தடவை போதும், நகலெடுப்பும் பத்தரை லட்சம் பைட்டுக்குள் முடியும். ஒரு ஸ்ட்ரிங்கின் முடிவில் இன்னொன்றை ஒட்டும் ஸ்ட்ர்கேட் ஃபங்ஷனைக் கைவிடச் சொல்வதற்கும் இதுதான் காரணம். முடிவைத் தேடி அது ஒவ்வொரு முறையும் முதல் பைட்டிலிருந்து நடந்துபோகும். நீளம் உங்கள் ஸ்ட்ரக்சரிலேயே இருக்கும்போது ஏன் தேடவேண்டும்? ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 1 எம்பி வரை இரட்டிப்பாக்கிவிட்டு அதன்பிறகு ஒவ்வொரு எம்பியாகக் கூட்டுகிறது. நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் (Git) ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. உங்களுக்கு இரட்டிப்பே போதும்.

மூன்றாவது தவறுக்கு வருகிறேன். பிரிவு காலியாக இருந்தால் மேல்வரியின் பிரிவைப் போட, அந்தப் பெயர் பஃபருக்குள் எங்கே தொடங்குகிறது என்று ஒரு பாயிண்டரில் பிடித்துவைத்திருக்கிறீர்கள். பஃபர் வளரும்போது ரீஅலாக் பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே நீட்டும், இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு எல்லாவற்றையும் நகர்த்திவிட்டுப் பழைய இடத்தை விடுவித்துவிடும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுவதுபோல, உங்கள் பாயிண்டர் இன்னும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது புத்தகத்தில் நகர்வே நடந்திருக்காது. பட்டியல் பெரிதாகும்போது நகரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட பஃபர் நிரல்களிலும் இது தப்பிப்போகும், அதனால் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். 'பாயிண்டரை எங்கும் வைத்துக்கொள்ளவில்லை, சேர்க்கும் அந்த நொடியில் கணக்கிட்டுத்தான் கொடுக்கிறேன்' என்று நீங்கள் சொல்லலாம். அப்போதும் தவறுதான். சேர்க்கும் ஃபங்ஷனுக்குள் பஃபரின் சொந்த வயிற்றிலிருந்தே ஒரு முகவரியைக் கொடுக்கிறீர்கள். ஃபங்ஷன் என்ன செய்கிறது? முதலில் இடம் கேட்கிறது. இடம் மாறுகிறது. பிறகு, நீங்கள் கொடுத்த பழைய முகவரியிலிருந்து நகலெடுக்கிறது. அழைக்கும்போது சரியாக இருந்த முகவரி, இரண்டு வரி தாண்டுவதற்குள் செல்லாததாகிவிட்டது. வெளியிலிருந்து வரும் எந்த ஸ்ட்ரிங்குக்கும் இந்த ஃபங்ஷன் சரியாக வேலை செய்யும். தன்னிடமிருந்தே எடுத்துத் தன்னோடு சேர்க்கும்போது மட்டும், அதுவும் அந்த நொடியில் இடம் போதாமல் போனால் மட்டும், உடையும்.

தீர்வு, பாயிண்டருக்குப் பதில் தொலைவை வைத்துக்கொள்வது. 'பிரிவுப் பெயர் தொடக்கத்திலிருந்து 4,210-ஆவது பைட்டில் இருக்கிறது, நீளம் 18' என்று இரண்டு எண்கள். பஃபர் எங்கே போனாலும் இந்த எண்கள் மாறாது. 'உன்னிடமிருந்தே இந்தத் தொலைவில் இத்தனை பைட்டை எடுத்துச் சேர்' என்று தனி ஃபங்ஷன் எழுதுங்கள். அதற்குள் முதலில் தொலைவும் நீளமும் பஃபருக்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள், பிறகு இடம் வாங்குங்கள், அதற்குப் பிறகுதான் பஃபரின் புதுத் தொடக்கத்தோடு தொலைவைக் கூட்டி முகவரி எடுங்கள். வரிசை மாறக்கூடாது. சிலர் கொடுத்த பாயிண்டர் பஃபருக்குள் இருக்கிறதா என்று பெரிது-சிறிது குறியால் ஒப்பிட்டுச் சமாளிப்பார்கள். வெவ்வேறு மெமரித் துண்டுகளின் பாயிண்டர்களை அப்படி ஒப்பிட சி மொழியின் விதி இடம் தரவில்லை. ரீஅலாக்குக்குப் பிறகு பழைய பாயிண்டரைக் கழித்துப் பார்ப்பதும் விதிமீறலே.

இனி அந்த மாட்யூலைப் பற்றி. இப்படி விற்பனைக்கு வரும் நிரல்கள் சிலவற்றை மாணவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் 'டைனமிக்' என்று பெயர் போட்டுவிட்டு உள்ளே பெரிய நிலையான அர்ரே இருந்தது. இன்னொன்றில் ரீஅலாக்கின் பதிலை யாரும் பார்க்கவில்லை. வாங்கினவருக்கு அது புரியாது, விற்றவருக்கும் புரிந்திருக்காது, வைவாவில் ஒரு கேள்வி கேட்டால் மாணவர்தான் தலைகுனிந்து நிற்கவேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கற்றுக்கொள்ள விடாமல் செய்வதைத் தொழில் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் சொல்லும் 'பாதுகாப்பான' மாற்றுகளையும் நம்பாதீர்கள். ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ர்காப்பிக்குப் பதில், அளவு கொடுத்து நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி போட்டால் சரி என்பார்கள். மூலம் கொடுத்த அளவுக்கு நிறைந்துவிட்டால் அது முடிவில் பூச்சிய பைட்டை வைக்காது. அளவு கொடுத்து ஒட்டும் ஸ்ட்ர்என்கேட்டில் கொடுக்கும் எண், எத்தனை பைட் சேர்க்கலாம் என்பது. பஃபரின் மொத்த அளவைக் கொடுப்பவர்கள் அதிகம். எழுத்தையும் எண்ணையும் கலந்து பஃபரில் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் நல்ல ஃபங்ஷன். ஆனால் அது திருப்பித் தருவது, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கும் நீளம். அதை அப்படியே உங்கள் நீளத்தோடு கூட்டினால் பஃபருக்கு வெளியே போய்விடுவீர்கள். அந்த எண் எதிர்மறையாக இருந்தால் பிழை. மிஞ்சிய இடத்தைவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இடம் வாங்கி மறுபடி எழுதுங்கள்.

குற்றம் சென்டர்கள்மீது மட்டும் இல்லை. தானாகப் பரவும் மாரிஸ் வார்ம் என்ற நிரல் 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய வழிகளில் ஒன்று, இடத்தின் அளவைப் பார்க்காமல் வரியைப் படிக்கும் கெட்ஸ் ஃபங்ஷனின் ஓட்டை. 512 பைட் பஃபரில் அதைவிட நீளமான உள்ளீட்டை அது திணித்தது. 2011-இல் சி மொழியின் தரத்திலிருந்தே கெட்ஸை நீக்கிவிட்டார்கள். இன்றும் நம் கல்லூரி லேப் மேனுவல்களில் கெட்ஸ் இருக்கிறது! டாஸ் காலத்து டர்போ சி-யை எமுலேட்டரில் ஓட்டிப் பாடம் நடத்துகிறார்கள். அதில் நல் முகவரியில் எழுதினாலும் பல சமயம் புரோகிராம் ஓடி முடியும், கடைசியில் 'நல் பாயிண்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி மட்டும் வரும். அதையும் யாரும் படிப்பதில்லை. திரையில் விடை வந்தால் ரெக்கார்டில் கையெழுத்து. மெமரி சரியாகக் கையாளப்பட்டதா என்று பார்க்க ஒரு மதிப்பெண்கூட ஒதுக்காத பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு, மாணவர்களுக்கு பாயிண்டர் வரவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

நீங்கள் லினக்ஸிலேயே வேலை செய்யுங்கள். ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் ஆப்ஷனையும் டீபக் தகவல் ஆப்ஷனையும் சேருங்கள். புரோகிராம் மெதுவாக ஓடும், பரவாயில்லை. எல்லை தாண்டிய அந்த வரியிலேயே நிறுத்தி, அந்த இடம் எங்கே வாங்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது என்று வரி எண்ணோடு சொல்லும்.

சோதனைக்கு மட்டும் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். ஆரம்பக் கொள்ளளவை 1 என்று வையுங்கள். இடம் வாங்கும் ஃபங்ஷனில் ரீஅலாக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாக மாலாக் செய்து, நகலெடுத்து, பழையதை ஃப்ரீ செய்யுங்கள். இப்படிச் செய்தால் பஃபர் வளரும் ஒவ்வொரு முறையும் முகவரி கட்டாயம் மாறும். முழுப் பட்டியலும் வேண்டியதில்லை, பிரிவு காலியாக உள்ள ஐந்தாறு வரிகளே போதும். இப்போது கையிலிருக்கும் நிரலில் முதல் இரண்டு தவறுகளை மட்டும் திருத்திவிட்டு, இதைச் செய்து ஓட்டிப் பாருங்கள். 'ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' (விடுவித்த இடத்தைத் திரும்பத் தொட்டது) என்ற அறிக்கை வரும், அது சுட்டும் வரி பிரிவுப் பெயரைத் திரும்பச் சேர்க்கும் வரியாக இருக்கும். அதைத் தொலைவுக் கணக்குக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னும் அறிக்கை வந்தால், அதையும் மாற்றிய நிரலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.