உருகுநிலைக்குக் கீழே போயும் உறையாத உலோகத்தின் வெப்பநிலையையும், அது உறையும் வேகத்தையும் எப்படி அளக்கிறார்கள்?

தொட்டு வெப்பநிலை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளை உள்ளே விட முடியாது. தொட்ட இடத்திலிருந்தே உலோகம் உறையத் தொடங்கிவிடும். நிக்கலின் உருகுநிலை 1455 டிகிரி செல்சியஸ். ஆனால் சுத்தமான துளியை எதிலும் படாமல் ஆறவிட்டால், அதற்கு 200, 300 டிகிரி கீழேயும் திரவமாகவே இருக்கும். படிகம் முளைக்க ஒரு பிடிமானம் வேண்டும். பாத்திரச் சுவரோ ஆக்சைடுத் துணுக்கோ இல்லையென்றால் அது தடுமாறுகிறது. அதனால்தான் மின்காந்தச் சுருளுக்குள் துளியை அந்தரத்தில் மிதக்கவிடுகிறார்கள். உருக்குவதும் அதே சுருள்தான். அப்புறம் ஹீலியத்தை ஊதி ஆறவைப்பார்கள்.

ஆக, வெப்பநிலையைத் தூரத்திலிருந்து, துளி வீசும் ஒளியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பைரோமீட்டர். சிக்கல் என்னவென்றால், பளபளப்பான திரவ உலோகம் ஒரு கரும்பொருள் (அந்த வெப்பநிலையில் முடிந்த அளவு ஒளியை முழுதாக வீசும் இலட்சியப் பொருள்) அளவுக்கு ஒளி வீசாது. எவ்வளவு குறைவாக வீசும் என்ற உமிழ்திறன் நமக்குத் துல்லியமாகத் தெரியாது. இரண்டு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுத்தால் உமிழ்திறன் அடிபட்டுப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 0.9 மைக்ரான் அலைநீளத்தில் 1500 கெல்வினை அளக்கும்போது, உமிழ்திறனில் 10 சதவீதம் பிசகினால் வெப்பநிலையில் சுமார் 14 கெல்வின்தான் பிசகும். இரண்டு நிற முறையில் அலைநீளங்கள் 0.9, 1.05 என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், விகிதத்தில் வெறும் 1 சதவீதப் பிழையே 10 கெல்வினைத் தின்றுவிடும்.

அதைவிட நம்பகமான வழியை உலோகமே தருகிறது. சூடேற்றும்போது உருகும் கட்டத்தில் வெப்பநிலை வரைகோடு ஏறாமல் கிடையாக நிற்கும். அந்த இடத்தின் வெப்பநிலை நமக்குத் தெரியும். உலோகக்கலவை என்றால் முழுதும் உருகி முடியும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். அங்கே பைரோமீட்டரைச் சரிசெய்துவிட்டு, திரவத்தின் உமிழ்திறன் பெரிதாக மாறாது என்று வைத்துக்கொண்டு கீழே இறங்கலாம். உறைந்த மேற்பரப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதன் உமிழ்திறன் வேறு.

வேகத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மீக்குளிர்ந்த, அதாவது உருகுநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே இருக்கும் துளியில் ஓரிடத்தில் படிகம் முளைத்தவுடன், உறையும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் அந்த இடத்தைக் கிட்டத்தட்ட உருகுநிலைக்கே ஏற்றிவிடுகிறது. அதாவது உறைந்த பகுதிதான் பிரகாசமாக எரியும், இன்னும் திரவமாக இருப்பது மங்கலாகத் தெரியும். அந்த ஒளி எல்லை துளி முழுக்கப் பாய்வதைக் கேமராவில் பிடிப்பார்கள். நல்ல மீக்குளிர்வில், அதாவது உருகுநிலைக்கு வெகுவாகக் கீழே போனால், நிக்கலில் அது நொடிக்குப் பல பத்து மீட்டர் போகும். நொடிக்கு 40 மீட்டர் என்றால் 8 மில்லிமீட்டர் துளியைக் கடக்க ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கே போதும். நொடிக்கு ஒரு லட்சம் படம் எடுக்கும் கேமராவுக்குக்கூட 20 படம்தான் கிடைக்கும்.

அந்த 20 படங்களில் எல்லையை மேற்பரப்பின் வளைவிலேயே அளந்து வேகம் என்று சொல்லிவிடக் கூடாது. படிகம் துளியின் உள்ளே நேர்கோட்டில்தான் வளர்கிறது. நாம் பார்ப்பது அது மேற்பரப்பை வெட்டும் கோட்டை மட்டும். அடியில் முளைத்து உச்சிக்கு வந்த தூரம் விட்டம்தான், அரைச் சுற்றளவு அல்ல. வளைவைக் கணக்கில் எடுத்தால் வேகம் 57 சதவீதம் கூடிவிடும். இதற்கு முளைத்த இடமும் தெரிந்திருக்க வேண்டும். எனவே வேண்டிய மீக்குளிர்வு வந்ததும் ஒரு ஊசியால் அடியில் தொட்டு, உறைதலை நாமே தொடங்கிவைப்பது நல்லது. உறையும் வெப்பநிலையும் நம் கையில் இருக்கும், தொடக்கப் புள்ளியும் தெரிந்திருக்கும்.

மீக்குளிர்வு குறைவாக இருக்கும்போது ஒரு தனித் தொல்லை உண்டு. மின்காந்த விசை துளியைக் கலக்கிக்கொண்டே இருக்கும். படிக வளர்ச்சி மெதுவாக இருந்தால் அந்த ஓட்டமே வளர்ச்சி வேகத்தை மாற்றிவிடும். எடையில்லாச் சூழலில் துளியைத் தாங்கப் பலமான புலம் தேவையில்லை, கலக்கமும் குறையும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014 முதல் இதற்கென்றே ஒரு மின்காந்த மிதவைக் கருவி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.