மாதா மாதம் கட்டுகிறோம், கடன் ஏன் குறையவில்லை?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 34,000. மாமியார் ஆபரேஷனுக்காக கிரெடிட் கார்டைத் தேய்த்தது இன்று 1,80,000 ஆகி நிற்கிறது. மாதம் 3.5 சதவீத வட்டி, மினிமம் 9,000-ஐத் தவறாமல் கட்டுகிறோம். இது போக ஒரு மொபைல் ஆப்பில் 25,000 வாங்கி இரண்டு தவணை தவறிவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வருகிறது, என் அண்ணனுக்கும் போன் செய்திருக்கிறார்கள். "பாதி கட்டினால் போதும், நாங்கள் முடித்துத் தருகிறோம்" என்று ஒரு கம்பெனி 15,000 முன்பணம் கேட்கிறது. கட்டலாமா? வீட்டில் 6 பவுன் நகை இருக்கிறது.
- வாசகி, திருப்பூர்

பதில்: அந்த 15,000-ஐக் கட்டாதீர்கள் சகோதரி. வங்கியிடம் நீங்களே இலவசமாகப் பேசக்கூடிய விஷயத்துக்குத்தான் அவர்கள் பணம் கேட்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் "கார்டுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் கட்டுங்கள்" என்பார்கள். நீங்கள் நிறுத்திய நாளிலிருந்து தாமதக் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில்தான் ஏறும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம், ஒரு பேப்பர் எடுத்துக்கொண்டு நீங்களும் போட்டுப் பாருங்கள். 1,80,000-க்கு 3.5 சதவீதம் என்றால் 6,300. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,134. ஆக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நீங்கள் கட்டும் 9,000-ல் 7,434 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது வெறும் 1,566. நடுவில் மளிகைக்கு ஒரு தடவை கார்டைத் தேய்த்தால் அதுவும் காலி. பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். உங்கள் ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை, மினிமம் என்கிற ஏற்பாடே இப்படித்தான்.

நகையைத் தொட மனசு வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் பீரோவில் நகை சும்மா கிடக்க, வருஷத்துக்கு 42 சதவீத வட்டி கட்டுவது எனக்கு மனசு கேட்கவில்லை. பொதுத்துறை வங்கியில் நகைக் கடன் வட்டி பொதுவாக மாதம் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. இன்றைய தங்க விலைக்கு ஆறு பவுனையும் வைக்க வேண்டியிருக்காது. கார்டை ஒரே தடவையில் அடைத்து மூடிவிட்டு, இப்போது கட்டும் அதே 9,000-ஐ நகைக் கடனுக்குக் கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருஷக் கெடு உள்ள கடனா, தவணையாகக் கட்டும் கடனா என்று கேட்டு, தவணை வகையையே எடுங்கள். கெடு தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும், அதனால் மாதத் தொகையை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. நகை வேண்டாம் என்றால் பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச்சொல்லி வங்கியிடம் கேளுங்கள், அதிலும் வட்டி குறையும்.

அந்தக் கம்பெனி சொல்லும் 'பாதி கட்டி முடிப்பது', அதாவது செட்டில்மென்ட், உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர்களுக்கு. வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும், ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது அது எதிரே நிற்கும். அப்படிப் போவதானாலும் தொகை எழுதிய கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும், கட்டியதும் பாக்கியில்லை என்ற சான்றையும் வாங்கிவிட வேண்டும். போனில் சொன்னதை நம்பிக் கட்டிவிட்டு, பிறகு மீதிக்கு நோட்டீஸ் வந்து தவிக்கக் கூடாது.

அப்புறம் அந்த ஆப். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கவும் கடன் ஆப்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஆப்புக்குப் பின்னால் எந்த நிதி நிறுவனம் இருக்கிறது என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். இருந்தால், வந்த அழைப்புகளின் நேரத்தோடு அவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், தகவலுக்கு 14448. பதிவே இல்லாத ஆப், மிரட்டல், படத்தை மாற்றி அனுப்புவது என்றால் உடனே சைபர் குற்ற எண் 1930. உங்கள் அண்ணனிடமும் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் மிரட்டலுக்குப் பாதி பலம் உங்கள் ரகசியம்தான்.

கேள்வி: கடை நஷ்டத்தில் 11 லட்சம் கடன். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?
- வாசகர், மதுரை

பதில்: மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் மனு, கொடுக்கலாம் தம்பி, சட்டத்தில் வழி இருக்கிறது. 2016 திவால் சட்டத்தில் சாதாரணத் தனிநபருக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வராததால், மதுரையில் உங்களுக்குப் பொருந்துவது 1920-ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம். ஆனால் மனு போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் சொத்து, அதைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். வீட்டை அடமானம் வாங்கியவர் அதை விற்றுப் பணம் எடுக்கும் உரிமையும் அப்படியே இருக்கும். சமீபத்தில் மனைவி பேருக்கு எழுதி வைத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம், அதனால் அந்த யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஜெயில் பயம் வேண்டாம். வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுபவர் வேறு, கட்ட முடியாமல் போனவர் வேறு என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: யாருக்காவது செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கே வரும், அதை முதலில் பேசி முடியுங்கள். மனுவுக்கு முன் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தையும் (மக்கள் நீதிமன்றம்) முயற்சி செய்யுங்கள், அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. இலவச சட்ட உதவிக்கு 15100.

கேள்வி: இறந்துபோன என் மகனின் கிரெடிட் கார்டு பாக்கியை என் பென்ஷனிலிருந்து கட்டச் சொல்கிறார்கள்.
- ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்கள் பென்ஷனில் அவர்களுக்கு உரிமை இல்லை அம்மா. மகன் விட்டுப்போன சொத்து உங்கள் கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டுமே கேட்க முடியும். இறப்புச் சான்றிதழ் நகலோடு வங்கிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், அந்தக் கார்டுக்குக் காப்பீடு இருந்ததா என்றும் அதிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.