பயப்பட வேண்டியது பிடிப்புக்கு அல்ல

மாரத்தான் ஓடிய இரவு கெண்டைக்கால் பிடித்துத் துடித்ததும், நரம்புச் சிதைவு நோயோ என்று பயந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அந்த நோய்க்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. பினாங்குப் பாலத்தில் 42 கிலோமீட்டர் ஓடிய கெண்டைக்கால், அன்றிரவு படுக்கையில் துடிக்காமல் வேறு என்ன செய்யும்? சட்டைப் பொத்தான் போடக் கை திணறினால், நடக்கையில் பாதம் தொய்ந்து தரையில் இடித்தால், அது வேறு கதை. இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் நோய் தேடுவதை நிறுத்துங்கள்.

உப்பு மாத்திரை, மக்னீசியம் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். உப்புக் குறைவுதான் காரணமென்றால், ஓடி உழைத்த கெண்டைக்காலை மட்டும் தேடிப் பிடிப்பானேன்? நெடுந்தூர ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளில், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. களைத்த தசையில் சுருங்கச் சொல்லும் நரம்புத் தூண்டல் ஓங்குகிறது, தளரச் சொல்லும் தடை தளர்கிறது என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். பயிற்சியில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் எடுத்துக்கொண்ட நீங்கள், போட்டியன்று ஐந்தரையில் பறந்திருக்கிறீர்கள். கால் கணக்குத் தீர்த்துவிட்டது. அடுத்த முறை பிடித்தால் நின்று, முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது கடைசிப் பக்கத்தில், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியில்: "மறுநாள் சிறுநீர் தே ஓ நிறத்தில் போனது, தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது." தே ஓ என்றால் பால் கலக்காத தேநீரின் கரும்பழுப்பு. ஐயா, இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! அளவுக்கு மீறி உழைத்த தசை இழைகள் சிதைந்தால் அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரை அந்த நிறத்துக்கு மாற்றிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடும். போதாக்குறைக்கு, ஓடுவதற்கு முன் டைக்ளோபினாக் என்னும் வலிநிவாரணி வேறு விழுங்கியிருக்கிறீர்கள். உடலில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை அது மேலும் குறைக்கும்.

இனி ஒருமுறை அந்த நிறத்தைக் கண்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போது இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த வாரமே இரத்தப் பரிசோதனையில் சிகே (தசைச் சிதைவைக் காட்டும் நொதி), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை ஓட்டம் வேண்டாம்.

கொழுப்புக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அவற்றில் சில தசையைப் பாதிக்கக்கூடியவை. சாப்பிடுவதானால் அதன் அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.