‘கோ’வும் ‘வென்ட்’டும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘கோ – வென்ட் – கான்’ என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவள், “கோ எப்படிப்பா வென்ட் ஆகும்? ஒரு எழுத்துகூட ஒத்துப்போகலையே” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ‘வென்ட்’ என்பது தமிழின் ‘வந்த’ என்பதிலிருந்து போனது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையா?

ம., திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். ‘கோ’ ஒருநாளும் ‘வென்ட்’ ஆகவில்லை. அது வேறொரு வினைச்சொல்லின் இறந்தகாலம். ‘கோ’ அதை எடுத்துக்கொண்டது.

அந்த வினைச்சொல், டி (d) எழுத்தில் முடியும் ‘வெண்டு’. (குழப்பம் வராமலிருக்க, டி-யில் முடிவதை ‘வெண்டு’ என்றும் டீ-யில் (t) முடிவதை ‘வென்ட்’ என்றும் எழுதுகிறேன்.) பழைய ஆங்கிலத்தில் இது ‘வெண்டன்’, பொருள் ‘திருப்பு’. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் லத்தீன் நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றி எழுதும்போது இதே சொல்லைத்தான் ஆள்கிறார்: மொழியைத் திருப்புவது. ‘விண்டன்’ என்றால் சுழல், முறுகு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைச் சொல்லும் இன்றைய ‘வைண்டு’ அதுதான். அதன் பிறவினை ‘வெண்டன்’. நம் திரும்பு – திருப்பு போல. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட தன்வினை – பிறவினை ஜோடிகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன: ‘சிட் – செட்’ (உட்கார், உட்கார வை), ‘ஃபால் – ஃபெல்’ (மரம் விழுகிறது, மரத்தை வீழ்த்துகிறார்கள்).

‘தன்னைத் திருப்பிக்கொண்டான்’ என்பதிலிருந்து ‘கிளம்பினான்’, ‘போனான்’ என்று பொருள் நகர்ந்தது. பழைய ஆங்கிலத்திலேயே இது நடந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். ‘நான் திரும்புகிறேன்’, ‘நான் திரும்பினேன்’ இரண்டுக்கும் அன்று ‘வெண்டெ’தான். பகுதியின் டகரமும் காலம் காட்டும் டகரமும் ஒன்றாகிவிட்டன. பிறகு இறந்தகாலத்தில் டீ ஒலி வந்து, இரண்டும் பிரிந்தன. செண்டு – சென்ட், ஸ்பெண்டு – ஸ்பென்ட், பெண்டு – பென்ட், லெண்டு – லென்ட் எல்லாம் இதே வாய்பாடு.

அப்படியானால் ‘கோ’வின் சொந்த இறந்தகாலம் எங்கே போனது? பழைய ஆங்கிலத்திலேயே அதற்குச் சொந்தமாக ஒன்று இல்லை. அன்று ‘கோ’வின் வடிவம் ‘கான்’ (பொருள் ‘போ’; உங்கள் மகள் ஒப்பிக்கும் ‘கான்’ அல்ல). அதற்கு இறந்தகாலம் ‘ஏயோடெ’. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். இந்தச் சொல் பிறகு ‘யேடெ’, ‘யோடெ’ என்று வட்டாரத்துக்கு ஒரு வடிவம் எடுத்துத் தேய்ந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் ‘வென்ட்’ அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள்: ‘கோ’வுக்கே இறந்தகால விகுதி சேர்த்து ஒரு புது வடிவம் செய்துகொண்டார்கள். ‘கோ – வென்ட் – கான்’ வரிசையில் மூன்றாவதாக வரும் ‘கான்’ மட்டும் உண்மையிலேயே ‘கோ’வின் பிள்ளை. இறந்தகாலத்தைப் பறிகொடுத்த ‘வெண்டு’ தனக்கு ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்று தேடிக்கொண்டது. இன்று மெல்ல வழிபார்த்துப் போவதைச் சொல்லும் ஒரு தொடரில்தான் பெரும்பாலும் அது உயிரோடிருக்கிறது.

இனி ‘வந்த’. இதற்கு நாம் பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணமே போதும். வந்த = வா + த் + த் + அ. ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். முதல் ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம். இரண்டாவது ‘த்’ இறந்தகால இடைநிலை. ‘அ’ பெயரெச்ச விகுதி. ஆக, ‘ந்த்’ முழுவதும் பகுதிக்கு வெளியே இருக்கிறது. வருகிறான், வருவான் என்னும்போது அது காணாமல் போகிறது. ‘வென்ட்’டிலோ னகரம் பகுதியிலேயே இருக்கிறது. நிகழ்காலத்திலும் இருக்கிறது, இன்றைய ஜெர்மன் ‘வெண்டன்’ என்பதிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்தால் பொதுவாக மிஞ்சுவது முதல் ஒலி ஒன்றுதான். அதை வைத்து உறவு சொல்ல முடியாது. லத்தீனில் பகரம் இருக்குமிடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ இருப்பதுபோல (பாட்டெர் – ஃபாதர், பிஸ்கிஸ் – ஃபிஷ்) சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப வரும் ஒலி இணை வேண்டும்.

காலமும் இடம் கொடுக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் நிலம் பெற்றது 1639இல். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ‘வென்ட்’ நிலைபெற்றுவிட்டது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குப் போனதற்குச் சான்று இருக்கிறது. கடலிலும் கடையிலும் சமையலறையிலும் பொருளோடு சேர்ந்து போன பெயர்ச்சொற்கள் அவை. நமக்கு அந்த உண்மையான பட்டியல் இருக்கும்போது பொய்யான ஒன்றைச் சேர்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மகளுக்கு ‘வென்ட்’டை ‘கோ’வுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துச் சொல்லாமல், செண்டு – சென்ட் வரிசையிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ‘ஆம், இஸ், வாஸ், பீன்’ என்று ஏன் மாறுகிறது என்று அடுத்துக் கேட்பாள். அங்கே மூன்று வேர்கள். ‘ஆம், இஸ்’ ஒரு வேர், ‘பி, பீன்’ இன்னொன்று, ‘தங்கு’ என்னும் பொருளுள்ள ‘வெசன்’ என்பதிலிருந்து வந்தவை ‘வாஸ், வேர்’.