ஏற்காட்டுக் காமிராவும் சேலத்து வெயிலும்

கேள்வி: அப்பாவின் ஸ்டுடியோவில் ஃபிலிம் ரோல் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மறுபடி கருப்பு வெள்ளையில் இறங்க ஆசை. ஏற்காட்டில் பழைய வீட்டைக் காலி செய்கிறவர்கள் பென்டாக்ஸ் கே1000 காமிரா, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடுகிற என்லார்ஜர், பிரிக்காத 'இந்து' ஃபிலிம் ரோல்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தருகிறார்கள். வாங்கலாமா? சேலத்து வெயிலில் வீட்டில் ரோல் கழுவ முடியுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: காமிரா நல்ல தேர்வு. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். அதனால் மீட்டர் முள் அசைவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். ஷட்டர் பாதியில் சிக்கினாலோ இழுத்தாலோ சர்வீஸ் செலவு இருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். கதவோரத்து ஸ்பாஞ்ச் பிசுபிசுத்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றுவது சுலபம்.

ஏற்காட்டுப் பொருளில் எனக்குப் பெரிய பயம் பூஞ்சைதான். மழையும் மூடுபனியும் மாறி மாறி வருகிற ஊர். தோல் உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ் தப்புவது கஷ்டம். லென்ஸின் துவாரத்தை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் துளி இருந்தால் படத்தில் தெரியாமல் போகலாம். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது, அந்த லென்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். என்லார்ஜர் லென்ஸையும் இதே மாதிரி பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது அங்கேதான்.

என்லார்ஜரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பேன். பத்து ரோலாவது கழுவிப் பழகுங்கள், பிரின்ட் அப்புறம் போடலாம். ரோல் கழுவ இருட்டறையே தேவையில்லை. சேஞ்சிங் பேக் (கையை உள்ளே விட்டு ரோலை மாற்றுகிற, வெளிச்சம் புகாத பை), ரோலைச் சுற்றி வைத்துக் கழுவுகிற மூடிய டேங்க், தெர்மாமீட்டர் இருந்தால் சமையலறை மேடையே போதும். இந்து ரோலுக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். அதைத் தயாரித்த ஊட்டி ஆலை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது, அந்த ரோலில் புகைமூட்டம்தான் விழும். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, டேங்கின் ரீலில் ஏற்றிப் பழக அதைவிட நல்லது கிடையாது.

சரி, வெயிலுக்கு வருவோம். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் என்கிற கருப்பு வெள்ளை ரோலை, மேற்கொண்டு தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவருகிற கரைசல்) 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். சித்திரை மாதத்து மாடித் தொட்டித் தண்ணீரில் இது நடக்காது. சூடு ஏற ஏற நேரம் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் நெகட்டிவ் திட்டுத் திட்டாக வரும். ஐஸ் கட்டியை டெவலப்பரில் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். அகலமான பேசினில் ஐஸ் தண்ணீர் ஊற்றி பாட்டில்களை அதில் நிற்க வையுங்கள். ஹைப்போவும் (படத்தை நிலைக்க வைக்கிற கரைசல்) அலசுகிற தண்ணீரும்கூட அதே சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்துச் சுடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஃபிலிமின் மேல்படலம் சுருங்கி வெடிப்பு விடும்.

முதல் ரோலை மார்கழி, தையில் கழுவுங்கள். அப்போது ஐஸ் அவ்வளவாகத் தேவைப்படாது.