சின்னத் தொழிலுக்கு கிளவுட்: நம்ம வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ராணிப்பேட்டையில் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவதும், கம்ப்யூட்டர் வேலைகளை அமைத்துக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. குறைந்த செலவில் கிளவுடில், அதாவது கணக்கை இணையத்தில் வைத்து எங்கிருந்தும் பார்க்கிற மாதிரி, தொழிலை நடத்துவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் கிடையாது. விலை அடிக்கடி மாறும், வாங்கும் அன்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், ஷூ அப்பர் ஜாப் ஒர்க்: அஸ்ஸலாமு அலைக்கும் சார். ஷூவின் மேல்பாகமான அப்பரை வீடுகளுக்குத் தையலுக்குக் கொடுத்து வாங்குகிறோம். யாரிடம் எத்தனை ஜோடி நிற்கிறது என்று நோட்டைப் புரட்டியே பொழுது போகிறது. ஈஆர்பி (தொழிலின் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார்.

வ அலைக்கும் சலாம் பாய். ஈஆர்பி இப்போதைக்கு வேண்டாம். கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு தாள் போதும். தேதி, பெயர், ஆர்டிகிள் எண், சைஸ், கொடுத்தது, வந்தது, ரிஜெக்ட், இவ்வளவுதான் தலைப்பு. இதில் முக்கியமானது என்னவென்றால், போன வாரம் கொடுத்த வரிக்கே போய் எண்ணை அழித்துத் திருத்தக் கூடாது. கொடுத்தால் ஒரு வரி, 20 ஜோடி திரும்பி வந்தால் இன்னொரு வரி, அதில் 2 ரிஜெக்ட் என்றால் அதே வரியில் பக்கத்துக் கட்டத்தில் 2. இரண்டாவது தாளில் பெயர்களை மட்டும் வரிசையாகப் போட்டு, ஒரு பெயருக்கு உரியதை மட்டும் கூட்டித் தரும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலாவால் கொடுத்த மொத்தத்தில் இருந்து வந்ததைக் கழித்தால் பாக்கி தானாக நிற்கும்.

பெயரைக் கையால் அடிக்க விடாதீர்கள். ஒரே அம்மாவை 'ஷாஹிதா', 'சாகிதா', 'சாஹிதா பீ' என்று மூன்று விதமாக அடித்தால் ஷீட்டுக்கு அது மூன்று ஆள், பாக்கி மூன்று இடத்தில் சிதறிப்போகும். பட்டியலில் இருந்து பெயரைத் தொட்டு எடுக்கிற டிராப் டவுன் வைத்துவிடுங்கள். சூப்பர்வைசர் போனில் பதிய ஒரு கூகுள் ஃபார்ம் செய்து கொடுத்தால் பதிந்த நேரமும் கூடவே விழும், அப்போது அவர் அவ்வப்போது பதிகிறாரா, ராத்திரி உட்கார்ந்து மொத்தமாகக் குத்துமதிப்பாக அடிக்கிறாரா என்பது உங்களுக்கே தெரியும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆறு மாதம் இப்படி ஓடிய பிறகும் ஈஆர்பி தேவை என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள், என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

வேலூர், சி.எம்.சி. பக்கம் லாட்ஜ்: வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மூன்று நாள் என்று சொல்லி ரூம் எடுப்பார்கள், டாக்டர் இன்னொரு டெஸ்ட் எழுதினால் பத்து நாள் ஆகிவிடும். பகல் ஆளும் ராத்திரி ஆளும் ஒரே ரூமை இரண்டு பேருக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஐடி கார்டு போட்டோவெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிறது.

ரூம் எண்கள் கீழே இறங்க, தேதிகள் பக்கவாட்டில் போக ஒரு ஷீட் போடுங்கள். உறுதியானது பச்சை, நீளலாம் என்று சந்தேகம் இருப்பது மஞ்சள். மஞ்சள் ரூமை யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் சட்டம். இரண்டு ஷிஃப்ட்டும் அதே தாளைப் பார்ப்பதால் சண்டை பாதி குறையும்.

ஐடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். அடுத்தவர் ஆதாரும் பாஸ்போர்ட்டும் குரூப்பில் கிடப்பது சரியில்லை, வேலையை விட்டுப் போன பையன் போனிலும் அது இருக்கும். நீங்களும் மேனேஜரும் மட்டும் திறக்கக்கூடிய கூகுள் டிரைவ் ஃபோல்டர் ஒன்றில் போடுங்கள். பங்களாதேஷிலிருந்து வருகிறவர்கள் உங்களிடம் தங்குவார்கள்தானே, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். ஷீட்டில் அதற்குத் தனிக் கட்டம் வைத்து, பதிந்தவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை சிப்காட், லேத் பட்டறை: எங்கள் ஆடிட்டர் டேலி கணக்கு மென்பொருளை விடமாட்டேன் என்கிறார். டேலி ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவுக்குள் வைத்து இரண்டு கம்ப்யூட்டரில் ஓட்டலாமா?

வேண்டவே வேண்டாம் சார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதும்போது டிரைவ் பாதியில் சிங்க் செய்தால் (இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கினால்) டேட்டா கெட்டுப்போகும். டேலி கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், சாயங்காலம் எடுக்கும் பேக்கப் மட்டும் டிரைவுக்குப் போகட்டும். வெளியூரிலிருந்தும் கணக்கு பார்க்க வேண்டும் என்றால் டேலியை சர்வரில் ஏற்றி மாத வாடகைக்குத் தருகிறார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஒரே ஆள் கணக்கு எழுதும் பட்டறைக்கு அது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

குடியாத்தம், லுங்கி மொத்த வியாபாரம்: ஜிஎஸ்டி பில் போட இலவச மென்பொருள் போதுமா அண்ணா?

போதும் தம்பி. சோஹோ இன்வாய்ஸ் இலவசம்தான், நம்ம தமிழ்நாட்டுக் கம்பெனி. ஆனால் ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிவிட்டால் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதியும் பில்) கட்டாயம், அப்போது அந்த வசதி உள்ளதைப் பார்த்து மாற வேண்டியிருக்கும்.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஒன்று செய்து பாருங்கள். பத்து பில் போட்டு, அதை எக்செல்லாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். சந்தா கட்டாமல் விட்ட வருஷம் பழைய பில் திறக்கவில்லை என்று அதிகாரியிடம் போய்ச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் போன வருஷக் கணக்கை மொத்தமாக இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள்.

காட்பாடி, மருந்து மொத்த விற்பனை: வேலை பார்த்த பெண் நின்றுவிட்டார். ஷீட்டெல்லாம் அவருடைய ஜிமெயிலில்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

அவரிடம் பக்குவமாகப் பேசி, ஷீட்டுகளின் உரிமையைக் கடை ஜிமெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஷேர் பண்ணும் இடத்திலேயே அந்த வசதி இருக்கிறது. பாக்கிச் சம்பளம் இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், இது கம்ப்யூட்டர் யோசனை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இனிமேல் கடைப் பெயரில் ஜிமெயில், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு உங்கள் நம்பர். ஊழியருக்கு பாஸ்வேர்டு தராதீர்கள், அவர் ஜிமெயிலுக்கு ஷேர் மட்டும் கொடுங்கள். வெப்சைட் டொமைனும், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரும், அப்படித்தான், செய்து கொடுக்கும் பையன் பெயரில் பதிய விடக் கூடாது.

ஆற்காடு, மக்கன் பேடா கடை: ஆர்டர் மெயில் எதுவும் வருவதில்லை, இடம் காலியில்லை என்கிறது.

கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் ஏறுகிறது. நிரம்பினால் மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். பேக்கப்பில் வீடியோவை நிறுத்துங்கள், குட் மார்னிங் படங்களை அழியுங்கள். அப்படியும் பற்றாவிட்டால் 100 ஜிபிக்கு மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் ஆகும், கட்டிவிடலாம்.

ஆரணி, பட்டுப் புடவை: நாங்கள் இப்போது திருவண்ணாமலை மாவட்டம், கேட்கலாமா? 400 பேரை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் போட்டேன், பாதிப் பேருக்குப் போகவில்லை.

1989-க்கு முன்னால் எல்லாம் ஒரே வட ஆற்காடுதானே அக்கா, தாராளமாகக் கேளுங்கள். ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் பில் கொடுக்கும்போதே நம்பரை அவர்கள் போனில் சேவ் செய்ய வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் 500 பொருள் வரை போடலாம். ஒவ்வொரு புடவைக்கும் உடல், பார்டர், முந்தானை மூன்றும் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், கூடவே ஸ்டாக் எண். விற்றதும் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விற்றுப்போன புடவையைத்தான் நாலு பேர் கேட்பார்கள்.

வாலாஜா, பிரிண்டிங் பிரஸ்: பழைய கஸ்டமர் லிஸ்டை ஷீட்டில் ஏற்றினால் தமிழ் எல்லாம் கோணல்மாணலாக வருகிறது.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் சரியாகத் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, முதலில் பத்து வரி மாற்றிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மாற்றுங்கள். கொம்பும் காலும் சில இடத்தில் பிசகும், கண்ணால் ஒரு ஓட்டம் பார்த்தே ஆக வேண்டும். போன் நம்பர் கட்டத்தைக் கன்வெர்ட்டரில் போடாதீர்கள்.